மண்ணுள் நிகழும் வேளாண்மை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் பயிரின் வேரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் அவையோரில் சிலருக்கு எழலாம். தமிழ்க் கவிதையில் 'வேர்' என்னும் சொல்லுக்கு வேலை மிகுதி. மரபுக்கும், பிறந்த ஊருக்கும், குடிவழிக்கும், தாய்மொழிக்கும் கவிஞர்கள் வேரையே உவமையாக்குகின்றனர். ஆயினும் அந்த வேர் மண்ணுக்குள் உண்மையில் என்ன செய்கிறது, மழை பொய்த்த ஆண்டில் ஒரு சோளப் பயிரை அது எவ்வாறு காக்கிறது, எப்போது காக்க இயலாமல் கைவிடுகிறது என்பவற்றை உசாவிப் பார்த்தோர் சிலரே. உவமைக்கு வேரைக் கொடுத்த மண் உழவனுடையது. ஆகவே அம்மண்ணில் நடப்பதை அறிவது புலவனுக்கும் கடனாகும்.

இதற்கு உப்பிலியபுரம் தக்க இடம். மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவியாய் வீழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியே இந்தச் சமவெளிக்கு இறங்கி வருகிறது. ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. மானாவாரியும் கிணறுமே இப்பகுதி வேளாண்மையின் இரு கால்கள். இதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மறுபுறத்தில் திருவரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நெல்லும் வாழையுமாகக் கிடக்கிறது. ஒரே மாவட்டத்தில் நன்செய்க்கு ஒரு வாழ்வும் புன்செய்க்கு ஒரு வாழ்வும் அமைந்துள்ளன. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. மலையடிவாரத்துப் புன்செய்க்காரனுக்கு அக்கூற்று இலக்கணம் மட்டுமன்று. மழை தவறும் ஒவ்வோர் ஆண்டும் அவன் கண்முன் நிகழும் செய்தி அது.

பயிர் முளைத்து முழங்கால் உயரம் வந்தபின் இருபது நாள் மழையில்லை என்று கொள்வோம். ஒரு காடு வாடி மடிகிறது. அடுத்த காடு வாடியும் மீள்கிறது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பயிர், ஒரே பட்டம். வேறுபாடு கீழே இருக்கிறது. அதைக் காண மண்ணைத் தோண்ட வேண்டும்.

அவ்வாறு தோண்டிப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஜான் வீவர். பயிருக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி வெட்டி, கூரிய கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறி நீக்கி, ஒவ்வொரு வேரும் போகும் வழியை அளந்து படமாக வரைந்தார். வயற்பயிர்களின் வேர் வளர்ச்சி பற்றிய அவரது நூல் 1926இல் வெளிவந்தது. பயிரின் உயரத்தை அறிந்தவர்கள் அதன் ஆழத்தை முதன்முதலாகப் பார்த்தனர். 1937இல் டிட்மர் என்பவர், பெட்டியொன்றில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு கம்புப்புல்லின் (ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின்) வேர்களைக் கழுவி எடுத்துக் கணக்கிட்டார். வேர்களின் எண்ணிக்கை 1 கோடியே 38 இலட்சம். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகளையும் சேர்த்தால் நீளம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு தூருக்கு இத்தனை நீளம் எதற்கு என்று கேட்கலாம். மண்ணில் நீர் குளமாகத் தேங்கிக் கிடப்பதில்லை. மணல் துகளுக்கும் களித் துகளுக்கும் இடையே மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கிறது. அதைத் தேடித் தொட்டால்தான் பெற முடியும்.

தொடுதல் என்ற சொல் இங்கே எண்ணத்தக்கது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்தபோது, புல்லும் மரமும் ஓரறிவின என்றார். அவ்வோர் அறிவு தொடுவுணர்வு. வேரின் நுனியை ஆராய்ந்தவர்களும் அங்கிருந்தே தொடங்கினர். சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில், வேர்நுனியைக் கீழ்நிலை விலங்கொன்றின் மூளையோடு ஒப்பிட்டார். வேர்நுனியில் தொப்பி போல அமைந்த வேர்மூடியில் மாவுச்சத்து மணிகள் உள்ளன. அவை எப்பக்கம் அமிழ்கின்றனவோ அப்பக்கமே கீழ்த்திசை என வேர் அறிகிறது. வேரின் ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் வறண்ட இடைவெளியும் இருந்தால், ஈரப்பக்கத்தில் மட்டும் கிளைவேர் விடுகிறது என்பதை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆக, வேர் மண்ணில் குருட்டாம்போக்கில் நீளுவதில்லை. தொட்டறிந்து, திசையறிந்து, பயனுள்ள இடத்தில் மட்டும் தன் உணவைச் செலவிடுகிறது.

வறட்சியைத் தாங்குவதில் வேரின் முதல் உத்தி ஆழம். மேல்மண் ஒரு சாண் ஆழம் வரை வெயிலில் விரைவில் காய்ந்துவிடும். முன்பு பெய்த மழையின் ஈரம் இரண்டடி, மூன்றடிக்குக் கீழே சில வாரங்கள் தங்கியிருக்கும். அதை எட்டும் பயிர் பிழைக்கும். வேர் எட்டுவதும் எட்டாததும் பெரும்பாலும் அது கிளம்பும் கோணத்தைப் பொறுத்தது. அகலக் கோணத்தில் படர்ந்தால் மேல்மண்ணிலேயே நிற்கும். செங்குத்தாக இறங்கினால் அடிமண்ணை அடையும்.

இதனை நெல்லில் தெளிவாகக் காட்டியவர் ஜப்பானிய அறிஞர் யூசாக்கு ஊகா. அவரும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒரு மரபணுவைப் பற்றியது. அதன் பெயர் டிரோ 1. பிலிப்பைன்ஸ் நாட்டு மேட்டுநில நெல்லான 'கினண்டாங் பட்டோங்' ஆழமாக வேர்விடுவது. ஆசியா முழுதும் பரவிய ஐ.ஆர். 64 மேலோட்டமாக வேர்விடுவது. முன்னதன் டிரோ 1 மரபணுவைப் பின்னதில் கலப்பின முறையால் சேர்த்தபோது, பயிரின் மேல்தோற்றம் ஏறத்தாழ அப்படியே இருக்க, வேர் மட்டும் கீழ்நோக்கித் திரும்பியது. வறட்சியில் ஐ.ஆர். 64 பெரிதும் விளைச்சல் இழந்த இடத்தில் இப்புதிய பயிர் மணி பிடித்தது. ஒரு கோணம் மாறியதால் ஓர் உழவனின் களத்துமேடு மாறக்கூடும் என்பதே இதன் பொருள்.

காவிரிக்கரை நெல் ஏன் மேலோட்டமாக வேர்விடப் பழகியது என்பதையும் இங்கே கூறவேண்டும். நன்செய்யில் சேறு கலக்கி உழும்போது, உழவு எட்டும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகித் தட்டுப்போல அமைகிறது. அந்தத் தட்டே நீரை நிறுத்தி வைக்கிறது. நன்செய்க்கு அது வரம். அதே இறுக்கம் புன்செய்யில் உண்டானால் சாபம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும் கனத்த டிராக்டர் ஓடுவதாலும் மானாவாரிக் காட்டின் அடிமண் இறுகிவிட்டால், ஆழமாக இறங்கும் இயல்புடைய வேரும் அங்கே முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிடும். விதை நல்லதாக இருந்தும் நிலம் வழிவிடாத நிலை அது.

இரண்டாவது உத்தி பங்கீடு. மண் காயத் தொடங்கியதும் பயிர் தன் இலை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, வேர்நுனி வளர்ச்சியை இயன்றவரை விடாமல் தொடர்கிறது. வீட்டில் வருவாய் குறைந்தபோது மற்றச் செலவுகளைச் சுருக்கிப் பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தாத குடும்பத்தலைவியின் கணக்கு இதில் இருக்கிறது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்னும் உழவர் வழக்கு இந்த உண்மையை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டது. அளவாகக் காயவிட்டுப் பாய்ச்சினால் வேர் கீழே இறங்கும். எந்நேரமும் நீரில் நிற்கும் பயிருக்கு இறங்கவேண்டிய தேவை இல்லை. 1980களில் மடகாஸ்கர் தீவில் உருவாகிப் பின்னர்த் தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்றும் திருந்திய நெல் சாகுபடி என்றும் பரவிய முறையும் இக்கொள்கையைப் பின்பற்றுவதே.

மூன்றாவது உத்தி செய்தி அனுப்புதல். காயும் மண்ணைத் தொட்ட வேர், அப்சிசிக் அமிலம் என்னும் பொருளை உண்டாக்கி நீரோட்டத்தின் வழியே மேலே அனுப்புகிறது. இலையிலும் அது உண்டாகிறது. அது எட்டியதும் இலைத்துளைகள் சுருங்கி நீரிழப்பைக் குறைக்கின்றன. அதாவது, இலை வாடிய பிறகு பயிர் விழித்துக்கொள்கிறது என்று எண்ணுவது முழு உண்மையன்று. வாடுவதற்கு முன்பே கீழிருந்து எச்சரிக்கை போகிறது.

இம்மூன்று உத்திகளையும் ஒருங்கே காட்டும் பயிர் சோளம். அதன் சல்லிவேர்கள் ஏற்ற மண்ணில் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும். இலை மேல் வெண்மெழுகுப் பூச்சு உண்டு. வெயில் மிகுந்தால் இலை சுருளும். மழை வரும்வரை வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும்; வந்ததும் மீண்டும் தொடங்கும். காத்திருக்கும் அந்த நாட்களில் இளஞ்சோளத்தில் நஞ்சு மிகுகிறது. வறட்சியில் குறுகிய சோளக்காட்டில் மாட்டை மேயவிடக் கூடாது என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. வாடிய சோளத்தை மேய்ந்த மாடு சாவது அதில் உண்டாகும் ஹைட்ரோசயனிக் அமிலத்தால். பயிர் பிழைக்கும் முறைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

இனி, வேரின் உத்திகளுள் கேட்போரை வியக்க வைக்கும் ஒன்றைக் கூறலாம். ஆழவேர்ப் பயிர் இரவில், அடிமண்ணிலிருந்து எடுத்த நீரில் ஒரு பகுதியை வறண்ட மேல்மண்ணில் கசியவிடுகிறது. பகலில் இலை வழியே மேலே இழுக்கப்படும் நீர், இரவில் இலைத்துளைகள் மூடியபின் ஈரமான அடிமண்ணிலிருந்து காய்ந்த மேல்மண்ணை நோக்கி வேரினூடே நகர்வதே இதற்குக் காரணம். 1987இல் அமெரிக்க வறண்ட நிலத்துப் புதர்ச்செடி ஒன்றில் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் ஆகிய இருவர் இதனைக் காட்டினர். அருகிலுள்ள மேலோட்ட வேர்ப் பயிர் அந்த ஈரத்தைப் பெறக்கூடும்.

இந்த ஆய்வின் தமிழ்நாட்டுத் தொடர்ச்சி உப்பிலியபுரத்துக் கண்ணுக்கு எட்டும் கொல்லிமலையிலேயே நடந்தது. இந்திய, சுவிட்சர்லாந்து அறிஞர்கள் கூடி, துவரையையும் கேழ்வரகையும் ஊடுபயிராக வைத்துப் பெங்களூரிலும் கொல்லிமலையிலும் வயல் ஆய்வு செய்தனர். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. துவரையின் ஆணிவேர் ஆழமாக இறங்குவது; கேழ்வரகின் சல்லிவேர் மேல்மண்ணில் பரவுவது. இரண்டையும் மண்ணுக்குள் இணைப்பது வேர்ப்பூஞ்சையின் நூலிழைகள். வேளாண் அலுவலர் 'வேம்' என்று உழவருக்குக் கொடுக்கும் உயிர் உரம் இப்பூஞ்சையே. நாற்றாக நட்ட துவரையோடு கேழ்வரகைச் சேர்த்து, இப்பூஞ்சையையும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் இட்டபோது, குறைந்த உரத்திலேயே விளைச்சல் கூடியது. இதே குழுவினர் தொட்டிகளில் நடத்திய ஆய்வுகளில், துவரை அடியிலிருந்து உயர்த்திய நீர் வறட்சியில் கேழ்வரகுக்கு உதவியதையும் கண்டனர். துவரையின் வேர் வேறொரு வகையிலும் அண்டைக்கு உதவுகிறது. அதன் வேரில் சுரக்கும் பிசிடிக் அமிலம், செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கிறது என்பது 1990இல் ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்து ஆய்வில் தெரியவந்தது.

கேழ்வரகுச் சால்களுக்கு இடையே துவரை போட்ட பாட்டன் பூஞ்சையைப் பார்த்ததில்லை. அமிலத்தின் பெயரையும் கேட்டதில்லை. ஒன்று பொய்த்தால் ஒன்று கைகொடுக்கும் என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னதன் பாதி மண்ணுக்கு மேலே நடந்தது; மீதிப் பாதி மண்ணுக்கு உள்ளே நடந்திருக்கிறது.

ஆயினும் ஆழவேரே எல்லா நோய்க்கும் மருந்து என்று முடிவுகட்டுவது பிழையாகும். இக்ரிசாட் ஆய்வாளர்கள் கொண்டைக்கடலையை நீண்ட குழாய்களில் வளர்த்து, அது எந்த நாளில் எவ்வளவு நீர் குடிக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்தனர். கடைசிக் கட்ட வறட்சியைத் தாங்கிய வகைகளின் சிறப்பு, மிகுதியாக நீர் எடுத்ததில் இல்லை. பூக்கும் முன்பு குறைவாகச் செலவழித்து, மணி பிடிக்கும் நாளுக்கு மண்ணில் மிச்சம் வைத்ததே அவற்றின் சிறப்பு. ஆஸ்திரேலியாவில் கோதுமையில் செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. கதிர் விட்ட பிறகு அடிமண்ணிலிருந்து கூடுதலாகக் கிடைத்த 10.5 மில்லிமீட்டர் நீர், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 620 கிலோ கூடுதல் தானியமாயிற்று. காலத்தில் கிடைத்த சிறு நீரின் மதிப்பு அத்தகையது. அடியில் ஈரமே இல்லாத நிலத்தில், ஒரு முழத்துக்குக் கீழ்ப் பாறை தட்டும் மேட்டுக்காட்டில், ஆழவேர் எதைத் தேடிப் போகும்? வேர், நிலம் வைத்திருப்பதைத்தான் எடுக்கும், இல்லாததை உண்டாக்காது. ஆகவே ஆழமும் சிக்கனமும் சேர்ந்தே வறட்சியை வெல்லும்.

இவ்வுண்மைகளை வைத்துக்கொண்டு இன்றைய துறையூர், உப்பிலியபுரம் வட்டாரத்தை நோக்கலாம். சோளமும் வரகும் துவரையும் கொள்ளும் நின்ற காடுகள் பலவற்றில் இன்று சின்ன வெங்காயம் நிற்கிறது. கைக்குப் பணம் தரும் பயிர் அது. ஏறக்குறைய எழுபது நாளில் அறுவடைக்கு வரும். விலை இறங்கினால் பட்டறை போட்டுக் காத்திருக்கவும் முடியும். பெண் கல்யாணமும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வெங்காயத்தை நம்பி நடக்கின்றன. அதை இகழ யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வெங்காயத்தின் வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளை நூல் போன்ற சில வேர்கள், கிளை மிகக் குறைவு, வேர்த்தூவியும் அரிது, பெரும்பகுதி மேல்மண் ஓரடிக்குள். நீரைத் தேடிப் போக அதற்குத் தெரியாது. நீர் அதைத் தேடி வரவேண்டும். வாழையும் அவ்வாறே மேல்மண்ணில் வேர் பரப்பும் பயிர். காவிரிக் கரையில் அது வாழ்ந்ததற்குக் காரணம் காவிரி.

அந்த நீரை யார் தேடிப் போகிறார்கள்? கவலை ஓட்டிய காலத்தில் கிணற்றின் ஆழம் மாட்டின் வலுவுக்கு உட்பட்டிருந்தது. பின்னர் மோட்டார் வந்தது. கிணற்றுக்குள் துளை வந்தது. இன்று நூற்றுக்கணக்கான அடிகள் இறங்கும் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது. பயிரின் வேர் குறுகக் குறுக, உழவன் இரும்புக் குழாயால் இன்னொரு வேரைப் பூமிக்குள் இறக்கிக்கொண்டே போகிறான். துவரையின் வேர் தன் செலவில் இறங்கியது. குழாய் கடனில் இறங்குகிறது. துவரையின் வேர் சென்ற பருவத்து மழையை எடுத்தது. குழாய் பல தலைமுறை சேர்த்து வைத்த நீரை எடுக்கிறது. துவரை இரவில் மேல்மண்ணுக்குச் சிறிது ஈரம் கொடுத்தது. குழாய் பக்கத்துக் காட்டுக் கிணற்றையும் வற்றச் செய்கிறது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இதன் விளைவை நாடறியச் செய்தது. தமிழ்நாட்டுக்கு அப்பருவத்தில் சராசரியாகக் கிடைக்கவேண்டியது ஏறத்தாழ 440 மில்லிமீட்டர்; கிடைத்தது 168. 2017 சனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அரசு அறிவித்தது. அத்தகைய ஆண்டில் எந்த வேரும் முழுமையாகக் காக்காது. துவரையும் காயும், சோளமும் சாவியாகும். ஆனால் அந்த ஆண்டின் இழப்பில் ஒரு வேறுபாடு உண்டு. மானாவாரி விதைத்தவனின் இழப்பு ஒரு பருவத்தோடு முடியும். கடன் வாங்கித் துளை போட்டு, அதுவும் வற்றியவனின் இழப்பு, அடுத்த நல்ல மழைக்குப் பின்னும் வட்டியோடு தொடரும்.

இதனால், வெங்காயத்தை விட்டு வரகுக்குத் திரும்புக என்று உழவனுக்கு மேடையிலிருந்து அறிவுரை கூறுவது பொருந்தாது. வரகு விற்ற பணத்தில் இன்றைய குடும்பம் நடக்குமா என்று அவன் கேட்டால் மேடையிடம் விடை இல்லை. செய்யக்கூடியவை வேறு உள்ளன. கோடை உழவு செய்து முதல் மழையை நிலத்துக்குள் இறக்கலாம். இறுகிய அடிமண்ணை மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் கீறிவிட்டு வேருக்கு வழி திறக்கலாம். தொழுவுரம் இட்டு மண்ணின் ஈரம் பிடிக்கும் திறனைக் கூட்டலாம். சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் இரண்டு விழுக்காட்டுக் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கும் கடினப்படுத்தும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இளம்பயிர் வறட்சியைத் தாங்க அது உதவும். நெல்லே வேண்டுமெனில், பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வெளியான அண்ணா 4 போல, நேரடி விதைப்புக்கும் வறட்சிக்கும் ஏற்ற இரகம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கும் நிலம் முழுவதையும் மேலோட்ட வேர்ப் பயிருக்கே கொடுத்துவிடாமல், ஒரு பங்கையேனும் துவரைக்கும் சோளத்துக்கும் ஒதுக்கலாம். வெங்காயம் பணப்பை என்றால், ஆழவேர்ப் பயிர் அடுக்குப்பானைச் சேமிப்பு. பாட்டிமார் இரண்டையும் வைத்திருந்தனர்.

இறுதியாகக் கவிஞர்களுக்கு உரிய ஒரு பகுதி. ஒரு பயிர் காட்டைவிட்டுப் போகும்போது அதன் வேர் மட்டும் போவதில்லை. அதைச் சுற்றிய சொற்களும் போகின்றன. ஆடிப்பட்டம், அடியீரம், பயிர் தெளிதல், சாவி, கூட்டுப்பயிர் முதலிய சொற்கள் மானாவாரிக்காரன் தன் நிலத்தைக் கண்டு வைத்த பெயர்கள். அடியீரம் என்ற சொல்லை அறிந்தவன் மேல்மண் காய்ந்தாலும் நம்பிக்கை இழக்கமாட்டான். அச்சொல்லை மறந்தவன் மேலே காய்ந்ததும் துளைக்காரனைத் தேடிப் போவான். சொல் ஒன்று வழக்கிழந்தால், அது காட்டிய பொருளைக் காணும் கண்ணும் மங்குகிறது. வட்டத்தின் உறுப்பினர்களுள் பலர் புன்செய்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்தம் வீடுகளில் முதியோர் நாவில் இன்னும் வழங்கும் இச்சொற்களைக் கேட்டு எழுதிவைப்பது, பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க பணி. எந்தச் சொல்லை எந்த ஊரில், எந்தப் பயிரைக் குறித்துச் சொன்னார்கள் என்பதையும் உடன் குறித்தால், அது பின்னாளில் வேளாண் ஆய்வாளனுக்கும் பயன்படும்.

அதன்பின் கவிதையில் வேர் என்று எழுதும்போது, ஒரே இடத்தில் அசையாமல் ஊன்றி நிற்பது என்ற பொருளோடு இன்னொன்றும் சேரும். இருட்டில், தொட்டறிந்து, கிடைப்பதைச் சிக்கனமாகச் செலவிட்டு, இரவில் அண்டைப் பயிருக்கும் சிறிது ஈரம் கொடுத்து வாழ்வது வேர். அத்தகைய வேரை உவமையாகப் பெறும் மரபும் மொழியும் பேறு பெற்றவை.

 மழை காலத்தில் பெய்க, உழவு செழிக்க, வட்டம் வளர்க.